விட்டுவிட்டு வந்த கேள்விகள்

தேவபிரசாதம் அண்ணாச்சிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவது லேசான காரியம் இல்லை. நான் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். நாசரேத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் கணக்கு வாத்தியார்கள். அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், நான் இளையவன். ஏப்ரல் வந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்த எங்களைத் தூத்துக்குடிக்கு வரச் சொல்லுவார்கள். ஜன்னல் வழியாக உப்புக் காற்றும், துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் இரைச்சலும் வந்துகொண்டே இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் கொடுத்த தாள் கட்டை முடித்துவிட்டு டீ குடிக்கலாம் என்று நான் எழுந்தால், அவர் இன்னும் மூன்றாவது தாளிலேயே குனிந்து கிடப்பார். தரையில் விழுந்த மூக்குத்தித் திருகாணியைத் தேடுகிறவர் மாதிரி இருக்கும் பார்க்க.

அவர் தேடியது மார்க். பையன் எழுதாததற்குள்ளிருந்து எப்படியாவது ஒரு மார்க்கை எடுத்துவிட வேண்டும் அவருக்கு. எங்கள் குழுவுக்குத் தலைமைத் தேர்வாளர் வில்பிரட், சாத்தான்குளத்துக்காரர். சிரித்தால் பல் சுளுக்கிக்கொள்ளும் என்று பயப்படுகிற ஆள். அண்ணாச்சி திருத்திய தாள்களை அவர் திரும்பப் பார்க்கும்போது வருஷா வருஷம் இந்தப் பஞ்சாயத்து நடக்கும்.

"அண்ணாச்சி, இந்தப் பய ஒண்ணுமே எழுதல. எதுக்கு ரெண்டு மார்க் போட்டிருக்கீரு?"

"படம் போட்டிருக்காம்லா."

"அந்தப் படம் கேள்வித்தாள்லயே இருக்கே."

"அதப் பாத்து ஒழுங்கா வரைஞ்சிருக்காம்லா. அளவுகூடக் குறிச்சிருக்கான் பாரும்."

வில்பிரட் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அந்த இரண்டு மார்க்கை அவரும் அடித்ததில்லை.

அண்ணாச்சிக்கு இதில் சொந்தக் கதை ஒன்று உண்டு. அவர் பத்தாம் வகுப்பு எழுதியபோது ஆங்கிலத்தில் வாங்கியது முப்பத்தைந்து. சரியாக முப்பத்தைந்து. ஒன்று குறைந்திருந்தால் அவருடைய அப்பா அவரைத் துறைமுகத்தில் மூட்டை தூக்க அனுப்பியிருப்பார். "முப்பத்தஞ்சு யாருக்கும் தானா வராது வே. அது ஒருத்தன் பாத்துப் போட்டது" என்பார். அந்த ஒருத்தன் யார், எந்த ஊர் வாத்தியார், உயிரோடு இருக்கிறாரா என்று எதுவும் தெரியாது. ஆண்டவர்மேல் அண்ணாச்சிக்கு உள்ள விசுவாசம் ஒருநாள் ஆட்டம் கண்டாலும் கண்டிருக்கும். இந்த முகம் தெரியாத வாத்தியார்மேல் உள்ள விசுவாசம் அசையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அதனால் பொதுத்தேர்வுக்கு முந்தின நாள் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து ஒரே பாடத்தைத்தான் சொல்லுவார். "ஒரு கேள்வியையும் வெறுமன விட்டுட்டு வரக் கூடாது. தெரியலன்னா கேள்வியையாவது எழுதி வைங்க. நீங்க எதையாவது எழுதினாத்தான் அங்கன இருக்கவன் எதையாவது போட முடியும்." எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் தோற்கிறவர்கள் அபூர்வம். அதற்குக் காரணம் எங்கள் போதனை பாதி, இந்த வாக்கியம் பாதி.

அவருடைய மகள் ஜாஸ்லின். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. டாக்டராக வேண்டும் என்று அவளாகத்தான் சொன்னாள், எட்டாம் வகுப்பு படிக்கும்போது. யாரும் ஊட்டிவிட்டதில்லை. அம்மா ஜெபசுதா கர்ப்பப்பைக் கட்டிக்காக மிஷன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, இவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் நர்ஸிடம் காட்டிக் கேட்டு நச்சரித்திருக்கிறாள். அதிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலில் நூறு, வேதியியலில் தொண்ணூற்றொன்பது, இயற்பியலில் தொண்ணூற்றெட்டு. எங்கள் ஆசிரியர் அறையில் உடனே பழைய கட்-ஆஃப் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். நூற்றித் தொண்ணூற்றெட்டரை. "பழைய காலமா இருந்தா கண்ண மூடிக்கிட்டு கவர்மெண்ட் சீட்டு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். செத்துப்போன கணக்கைப் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்படுவதில் எங்கள் ஊர் வாத்தியார்களை யாரும் மிஞ்ச முடியாது.

எனக்கு எரிச்சலாக இருந்தது. நாங்கள் போடுகிற மார்க் எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியாதா? செய்முறைத் தேர்வுக்கு முழு மார்க், நடத்தைக்கு முழு மார்க், படி சரியாக இருந்தால் விடை தப்பானாலும் முக்கால்வாசி மார்க். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதன் எழுதியதைப் படிக்கிறான், அவன் எதுவரை சரியாக வந்திருக்கிறான் என்று பார்க்கிறான், அதற்குரியதைக் கொடுக்கிறான். அந்த நூறு பொய் இல்லை. ஆனால் நீட் தேர்வில் யாரும் எதையும் படிக்கப்போவதில்லை. கறுப்பாக்கிய வட்டம் சரியென்றால் நாலு, தப்பென்றால் இருப்பதிலிருந்து ஒன்று போகும், விட்டுவிட்டால் ஒன்றுமில்லை. இந்த இரண்டு மார்க்கையும் ஒரே தராசில் வைத்துப் பேசக் கூடாது என்று நான் சொன்னால், "செந்தூர்பாண்டிக்கு வாய் நீளம்" என்பார்கள். போதாக்குறைக்கு ஜாஸ்லின் படித்தது அரசு உதவி பெறும் மிஷன் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள தனி ஒதுக்கீடு அவளுக்குக் கிடையாது. தனியார் கல்லூரி அந்த வீட்டுக்கு ஆகிற பேச்சே இல்லை. கவர்மெண்ட் சீட்டு, இல்லையென்றால் ஒன்றுமில்லை.

தேர்வு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, தூத்துக்குடியில். ஆராதனைக்குப் போக முடியாது என்பதால் குருவானவர் முந்தின நாளே வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போனார். அப்பா, அம்மா, மகள் மூன்று பேரையும் என் பழைய காரில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தேர்வு நடக்கிற பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு வாகை மரத்தடியில் நிறுத்தினோம். ஜெபசுதா மகளின் கம்மலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அப்போது ஜாஸ்லின் அப்பாவைக் கேட்டாள்.

"கோச்சிங் சார் தெரியாதத விட்டுரச் சொல்லுதாருப்பா. தப்பாப் போட்டா இருக்கதும் போயிரும்னு."

"எத்தன தெரியாம வரும்?"

"ஃபிசிக்ஸ்ல இருபது வரும்னு வைங்க."

என் காரின் முன்மூடியில் துறைமுகத்து நிலக்கரித் தூசி படிந்திருந்தது. அண்ணாச்சி அதில் விரலால் எழுதிக் காட்டினார். "நாலு விடை இருக்கு. குத்துமதிப்பாப் போட்டா நாலு கேள்விக்கு ஒண்ணு சரியா வரும், மூணு தப்பாப் போகும். சரிக்கு நாலு மார்க், தப்புக்கு மூணு போச்சு. மிச்சம் ஒண்ணு. லாபந்தான? பெறகு எதுக்கு விடணும்?"

கணக்கு சரிதான். இன்றைக்கும் அந்தக் கணக்கில் யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அவர் கணக்குக்காக அதைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். வெறும் இடத்தை அவரால் தாங்க முடியாது. அங்கன ஒருத்தன் இருக்கிறான், எதையாவது போடுவான் என்கிற நினைப்பு அவரைவிட்டுப் போகவே இல்லை.

"ஏளா, ஒண்ணையும் விட்டுராத" என்றார். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

சீட்டுக்கு ஐந்து மார்க் குறைந்தது. அவளுடைய பிரிவில் கடைசி சீட்டு போன மார்க்குக்கும் இவளுடைய மார்க்குக்கும் நடுவில் ஐந்தே ஐந்து. விடைக்குறிப்பும் அவளுடைய விடைத்தாளின் படமும் இணையத்தில் வந்திருந்தன. நான் போனபோது அண்ணாச்சி சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெரியாமல் போட்டவை இருபத்து மூன்று. மூன்று சரி, இருபது தப்பு. பன்னிரண்டு வந்து இருபது போயிருந்தது. எல்லாவற்றையும் வெறுமனே விட்டுவிட்டு வந்திருந்தால் எட்டு மார்க் கூடுதல். ஐந்துதான் வேண்டியிருந்தது.

"லாபம்னு சொன்னேனே வே" என்றார்.

பிறகு கேள்வித்தாளை என் பக்கம் தள்ளினார். ஓரத்தில் ஜாஸ்லின் பேனாவால் கணக்குப் போட்டுப் பார்த்திருந்த தடங்கள் இருந்தன. "இங்கன பாரும். மூணு படி சரியாப் போட்டிருக்கா. கடைசிப் படியில பாதியாக்க மறந்துட்டா. நம்ம பேப்பரா இருந்தா அஞ்சுக்கு நாலு போட்டிருப்பேன். இந்தக் கேள்வி எடுத்தவன் என்ன செஞ்சிருக்கான் தெரியுமா? பாதியாக்க மறந்தா என்ன எண் வருமோ, அத ரெண்டாவது விடையா எழுதி வச்சிருக்கான். இதப் பாரும், சென்டிமீட்டர மீட்டராக்க மறந்தா வாரது மூணாவது விடை. பிள்ள எங்கன தடுக்கி விழுவான்னு பாத்து, அங்கன குழியத் தோண்டி வச்சிட்டு உக்காந்திருக்கான்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. தூசியில் அவர் எழுதிய கணக்கு ஒன்றுமே தெரியாதவனுக்கு உரியது. கண்ணை மூடிக்கொண்டு வட்டத்தைக் கறுப்பாக்கினால் நாலுக்கு ஒன்று விழும். இவளுக்குப் பாதி தெரியும். அந்தப் பாதி அவளை நேராகத் தப்பான விடைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

"கேள்வி எடுக்கவன் பிள்ளைக்கு எதிராளியா இருப்பான்னு நான் நெனச்சே பாக்கல வே" என்று சொல்லிவிட்டு அழுதார். அடுப்படியில் ஜெபசுதா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோனது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கு அவர்மேல் இரக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. வாழ்நாள் முழுக்கக் கணக்கு நடத்திய மனிதர், மற்றவர்களும் தன்னைப் போலத்தான் இருப்பார்கள் என்று எப்படி நம்பினார்? ஜாஸ்லின் வந்து அவர் தோளில் கை வைத்தாள். "வட்டத்தக் கறுப்பாக்கினது நாந்தானப்பா. நீங்க உள்ள வந்தீங்களா?" என்றாள். அவள் ஏசியிருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

நர்ஸிங் படிக்கட்டும், விவசாயக் கல்லூரிக்குப் போகட்டும் என்று சபையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் இன்னொரு வருஷம் எழுதுகிறேன் என்றாள். கோச்சிங்குக்குத் திருப்பி அனுப்ப அண்ணாச்சிக்கு மனமில்லை. இந்தமுறை நானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். பழைய கேள்வித்தாள்களையெல்லாம் வாங்கிக் குவித்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வீடு. அப்பாவும் மகளும் மேஜையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்துவிடுவார்கள். எப்போது போனாலும் ஒரே குரல்தான் கேட்கும். "ஏளா, இங்கன ஒரு குழி இருக்கு பாரு. இந்த விடையத் தொடாத. இது உனக்குன்னே வச்சது." ஊரான் பிள்ளைகளின் தாளில் மார்க்கைத் தேடிய கண், இப்போது குழியைத் தேடியது. நன்றாகவே தேடியது. அவர் கண்ணுக்குத் தப்பின குழி எதுவும் இல்லை. குழி இல்லாத இடத்திலும் அவருக்குக் குழி தெரிய ஆரம்பித்ததோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இளைத்துப்போய் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வருஷம் பொதுத்தேர்வுக்கு முந்தின நாள் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்தோம். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாத்து எழுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். விடைத்தாள் திருத்தப் போன இடத்திலும் டீ குடிக்கிற நேரத்துக்கு முன்னாலேயே கட்டை முடித்துவிட்டார். வில்பிரட் ஆச்சரியப்பட்டார். மத்தியானம் அண்ணாச்சி ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். முப்பத்து மூன்று போட்டிருந்தது. "நீரு பாரும் வே. எனக்குக் கை வரமாட்டேங்கு" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். ஒரு வடிவியல் கணக்கில் பையன் கவராயத்தால் வில் வெட்டிவிட்டுக் கோட்டை வரையாமல் விட்டிருந்தான். இரண்டு மார்க் போட்டேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது முறை தேர்வுக்கு அவர் வரவில்லை. "வாசல்ல நின்னா நான் எதாவது சொல்லிருவேன்" என்றார். ஜெபசுதாவும் நானும்தான் கூட்டிக்கொண்டு போனோம். முடிந்து வெளியே வந்தவள் கம்மலை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கார் முள்ளக்காட்டு உப்பளத்தை எட்டியது. பிறகு, "நிறைய விட்டுட்டேன் மாமா" என்றாள்.

"எத்தன?"

"எண்ணல. நாப்பதுக்கு மேல இருக்கும்."

ஜெபசுதா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். உப்புக் குவியல்களைப் பனையோலையால் மூடியிருந்தார்கள். கார் ஓட்டிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒரு வசதி, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

வீட்டில் அண்ணாச்சி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு மேஜைக்குப் போனார். அதற்குள் பழைய கோச்சிங்காரர்கள் விடைகளை என் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் வாசிக்க வாசிக்க ஜாஸ்லின் தான் போட்டதைச் சொன்னாள். தப்பு என்று ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. தொட்டதெல்லாம் சரி. ஆனால் தொட்டது குறைவு. கூட்டிப் பார்த்தால் போன வருஷத்தைவிட மிகவும் கீழே நின்றது. ஐந்து மார்க், பத்து மார்க் என்று பேசுகிற தூரமே இல்லை. மூன்று பேருக்கும் அது தெரிந்துவிட்டது. நாலாவது ஆள் அடுப்படியில் விளக்குப் போடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணாச்சி விட்டுப்போன கேள்விகளில் முதலாவதை எடுத்தார். "இது தெரியலையா மக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஜாஸ்லின் கேள்வியைப் பார்த்தாள். "தெரியும்ப்பா. மூணாவது விடை."

நான் போனைப் பார்த்தேன். மூன்றுதான்.

"இது?"

"ஒண்ணாவது. பாதியாக்கணும், அப்பந்தான் இந்த எண் வரும்."

சரி. அடுத்ததும் சரி. அதற்கடுத்ததும் சரி. உயிரியலில் விட்டிருந்ததெல்லாம் அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவை.

"பெறகு ஏன்ளா விட்ட?"

"விடை சரியா வந்த உடனே, இது எனக்குன்னே வச்சதுன்னு தோணிச்சுப்பா. திருப்பிப் போட்டுப் பாத்தேன். அதே விடைதான் வந்துச்சு. அப்பவும் பயமா இருந்துச்சு. நேரம் போயிட்டே இருந்துச்சு, விட்டுட்டேன்."

அண்ணாச்சியின் முகத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவருடைய கையைத்தான் பார்த்தேன். அது சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தது. ஏப்ரல் மாதத்து அதே பேனா. அவள் சொன்ன முதல் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டு, நாலு என்று எழுதி வட்டம் போட்டார். இரண்டாவதற்கும் நாலு. மூன்றாவதற்கும் நாலு. ஒவ்வொன்றாகக் கேட்டார், அவள் சொன்னாள், நான் போனைப் பார்த்துத் தலையாட்டினேன், அவர் போட்டார். பக்கத்தின் அடியில் கூட்டி எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சீட்டுக்கு வேண்டிய மார்க் மூன்றாவது பக்கத்திலேயே வந்துவிட்டது. அதை வாங்கிக்கொள்வதற்குத்தான் உலகத்தில் ஆள் இல்லை.

ஜாஸ்லினின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "போதும்ப்பா, நிப்பாட்டுங்க" என்றாள்.

"இன்னும் கொஞ்சந்தான் இருக்கு மக்கா" என்றார் அவர். "ஒண்ணையும் விட்டுரக் கூடாது."

அவள் தலையைத் தூக்காமலே அடுத்த கேள்விக்கு விடை சொன்னாள். அதுவும் சரியாக இருந்தது.